விலை ஏறும்போது யார் தட்டு குறைகிறது?

நம் சங்கத்தின் பொங்கல் விழாவில் சாப்பாட்டுப் பந்தி முடிந்து, பெண்கள் நாங்கள் ஏழெட்டுப் பேர் ஒரு மூலையில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் மளிகைக் கடையில்தான் வந்து நின்றது. ஒருவர் எண்ணெய் விலையைச் சொல்ல, இன்னொருவர் பருப்பு விலையைச் சொல்ல, கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து புதிதாகக் குடிவந்திருக்கும் ஒரு பெண் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு என்னைப் பார்த்து, "ஆன்ட்டி, இந்த ஊர்ல நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு மாசம் எவ்வளவு மளிகை ஆகும்?" என்றாள்.

எட்டுப் பேரும் எட்டு பதில் சொன்னோம்! ஒன்றுகூட இன்னொன்றோடு ஒத்துப்போகவில்லை. பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த நம் இதழ் ஆசிரியர், "அம்மா, நீங்கள் முப்பது வருடத்துக்கு மேலாகக் கணக்கு நோட்டு வைத்திருப்பதாகச் சொல்வீர்களே, இதையே கட்டுரையாக எழுதிக் கொடுங்களேன்" என்று சொல்லிவிட்டார். அந்தப் பெண்ணுக்குச் சொல்வதாக நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். வாசக சகோதரிகள், முக்கியமாகச் சகோதரர்களும், பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

மூட்டை கட்டி வந்த சமையலறை

எனக்குச் சொந்த ஊர் விருதுநகர். என் அப்பா அங்கே ஒரு பருப்பு மண்டியில் கணக்கராக இருந்தார். காலையில் செய்தித்தாள் வந்தால் மற்றவர்கள் தலைப்புச் செய்தியைப் படிப்பார்கள். எங்கள் வீட்டில் முதலில் படிப்பது "விருதுநகர் மார்க்கெட் நிலவரம்"தான். துவரை மூட்டை என்ன விலை, நல்லெண்ணெய் டின் என்ன விலை என்பதெல்லாம் எனக்குச் சிறு வயதிலேயே பாடம். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்த எனக்கே இந்த ஊரில் சிக்கனம் பிடிபட பன்னிரண்டு வருடங்கள் ஆயின.

1986இல் கல்யாணமாகி ஐதராபாத் வந்தேன். கணவருக்குப் பாலாநகரில் ஒரு சிறிய தனியார் தொழிற்சாலையில் வேலை. சனத்நகரில் இரண்டு அறை வாடகை வீடு. ஊருக்குப் போய்விட்டு வரும்போதெல்லாம் சார்மினார் எக்ஸ்பிரஸில் நாங்கள் ஏறுவதைப் பார்த்தால் குடித்தனமே இடம் பெயர்கிறது என்று நினைப்பார்கள். இட்லி அரிசி ஒரு மூட்டை, துவரம் பருப்பு, உளுந்து, வற்றல், வடகம், சாம்பார்ப் பொடி, தேங்காய் பத்து. இறங்கியதும் போர்ட்டருக்குக் கொடுக்கும் கூலியைச் சேர்த்துப் பார்த்தால் விருதுநகர்ப் பருப்பு ஐதராபாத் பருப்பைவிட விலை அதிகம். ஆனாலும் மனசு கேட்காது.

ஊரிலிருந்து கொண்டுவந்தது தீர்ந்துபோனால், தமிழர்கள் வாங்கும் கடை எங்கே இருக்கிறது என்று தேடி, புழுங்கலரிசிக்கும் முருங்கைக்காய்க்கும் தேங்காய்க்கும் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வருவோம். இந்த ஊர்க்காரர்கள் இட்லிக்கு அரிசியே ஊறவைப்பதில்லை, உளுந்தை மட்டும் அரைத்து இட்லி ரவையைக் கலந்துவிடுகிறார்கள் என்று தெரிந்தபோது நான் சிரித்தேன். தேங்காய்ச் சட்னிக்குப் பதில் வேர்க்கடலைச் சட்னி வைத்ததைப் பார்த்து மூக்கைச் சுளித்தேன். அந்தச் சிரிப்புக்கெல்லாம் பின்னால் வட்டியோடு கட்டினேன்.

1998: வெங்காய வருஷம்

1998ஆம் வருடத்தின் பிற்பகுதியை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். வெங்காயம் கண்ணீர் வரவழைத்த வருஷம். டில்லியில் கிலோ 50 ரூபாயைத் தாண்டியது. அந்த நவம்பரில் நடந்த சட்டமன்றத் தேர்தல்களில் டில்லியிலும் ராஜஸ்தானிலும் ஆட்சி மாறியதற்கு வெங்காயமும் ஒரு காரணம் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள்.

எங்கள் வீட்டில் அப்போது ஐந்து பேர். நாங்கள் இருவர், பத்து வயதில் மகள், ஆறு வயதில் மகன், ஊரிலிருந்து எங்களோடு வந்துவிட்ட அத்தை, அதாவது என் மாமியார். அந்த நேரம் பார்த்துக் கணவருடைய தொழிற்சாலையில் ஆர்டர் குறைந்து, சம்பளம் தவணை முறையில் வர ஆரம்பித்தது. பத்தாம் தேதி பாதி, இருபத்தைந்தாம் தேதி மீதி. ஒரு மாதம் அந்த மீதி வரவே இல்லை.

வெங்காயத்தை நிறுத்துவது பெரிய கஷ்டமில்லை. வெங்காயம் இல்லாமல் சமைக்க நமக்கு நூறு வழி தெரியும். மோர்க்குழம்பு, வற்றல் குழம்பு, பொரித்த கூட்டு என்று ஓட்டிவிடலாம். ஆனால் வெங்காயத்தோடு மற்ற சாமான்களும் ஏறின. நான் என்ன செய்தேன் என்றால், வாடகை, பள்ளிக் கட்டணம், கணவரின் பஸ் பாஸ் இவற்றைத் தொட முடியாது என்பதால், சமையலறையில் கை வைத்தேன். மாதம் ஐந்து கிலோ வாங்கிய துவரம் பருப்பை இரண்டரை ஆக்கினேன். பாலை இரண்டு பாக்கெட்டிலிருந்து ஒன்றாக்கினேன். அது குழந்தைகளுக்கும், அத்தைக்கும் கணவருக்கும் காப்பிக்கும் சரியாகப் போயிற்று. கீரை, காய் வாங்குவதை வாரம் இரண்டு நாள் ஆக்கினேன். அரிசியை மட்டும் குறைக்கவில்லை. வயிறு நிறைய வேண்டுமே!

வீட்டில் யாருக்கும் தெரியாதபடி இதைச் செய்ததில் எனக்குப் பெருமைகூட இருந்தது. எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காருவேன். அடியில் தங்கிய குழம்பு இருந்தால் குழம்பு; இல்லாவிட்டால் மோரும் ஊறுகாயும். "மண்டிக் கணக்குப்பிள்ளை மகளாயிற்றே, சமாளித்துவிட்டாள்" என்று அத்தை பக்கத்து வீட்டில் சொல்வார்கள். எனக்குக் குளிர்ந்துவிடும்.

"இந்துலோ பப்பு ஏதி?"

பக்கத்து வீட்டில் நல்கொண்டாவைச் சேர்ந்த ஒரு குடும்பம். அந்த அம்மாவை நாங்கள் எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். தெலுங்கிலும் அக்கா அக்காதானே! 1999 பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கலோடு ஒரு கிண்ணம் சாம்பாரும் கொடுத்தனுப்பினேன். மறுநாள் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க வந்த அக்கா, சுற்றி வளைக்காமல் கேட்டார்: "இந்துலோ பப்பு ஏதி?" இதில் பருப்பு எங்கே?

எனக்குச் சுருக்கென்று இருந்தது. சாம்பார் என்றால் இப்படித்தான், உங்கள் பப்பு போலக் கெட்டியாக இருக்காது என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அக்கா என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

மார்ச் மாதத்தில் ஒரு நாள் மாடிப்படி ஏறும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. அக்காவும் கணவரும்தான் டாக்டரிடம் அழைத்துப் போனார்கள். இரத்தப் பரிசோதனை செய்ததில் ஹீமோகுளோபின் 7.6. பெண்களுக்குக் குறைந்தது 12 இருக்க வேண்டுமாம். அந்த லேடி டாக்டர் மருந்தெழுதும் முன் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "வீட்டில் யாரம்மா கடைசியில் சாப்பிடுவது?" நான் பதில் சொல்லவில்லை. கணவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அன்று இரவு அவர் என் கணக்கு நோட்டை எடுத்துப் புரட்டினார். பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக! குழந்தைகளுக்குப் பால் இத்தனை, அம்மாவுக்கு மருந்து இத்தனை, அவருக்கு பஸ் பாஸ் இத்தனை. எல்லாம் வரிசையாக எழுதியிருந்தேன். கடைசிப் பக்கம் வரை பார்த்துவிட்டு, "எல்லாருக்கும் கணக்கு இருக்கு. உனக்கு எங்கே?" என்றார். பிறகு எதுவும் பேசவில்லை.

இதை நான் என் சோகக் கதையாகச் சொல்லவில்லை. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் 15 வயதிலிருந்து 49 வயது வரை உள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. தெலுங்கானாவில் 57.6, தமிழ்நாட்டில் 53.4. இதற்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் விலை ஏறும்போது சத்தம் போடாமல் குறைகிற தட்டு எது என்பதை நம் வீட்டுப் பெண்களிடம் கேட்டால் தெரியும். அதனால்தான் இந்தக் கட்டுரைக்கு இப்படித் தலைப்பு வைத்தேன்.

குன்னூரிலிருந்து தார்நாகாவுக்கு

மாத்திரையும் ஓய்வுமாக உடம்பு தேறியது. டாக்டர் சொன்னதன் பேரில் ஒரு நாள் தார்நாகாவில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்துக்குக் கணவரும் நானும் போனோம். அங்கே பொதுமக்களுக்கான சிறு புத்தகங்களைக் குறைந்த விலையில் விற்றார்கள். நான்கைந்து வாங்கி வந்தேன்.

இந்த நிறுவனத்தின் கதை நமக்குத் தெரிந்திருக்க வேண்டியது. 1918இல் நம் குன்னூரில், பெரிபெரி நோயை ஆராய ராபர்ட் மெக்காரிசன் என்ற பிரிட்டிஷ் டாக்டர் தொடங்கிய ஒரு சிறிய ஆராய்ச்சிக்கூடம்தான் வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்கு இடம் மாறியது. 1969இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது. அதை வளர்த்தெடுத்த டாக்டர் சி. கோபாலன் சேலத்தில் பிறந்தவர். நூறு வயது வாழ்ந்து 2019இல் மறைந்தார். நம் நாட்டு உணவுப் பொருள் ஒவ்வொன்றிலும் என்ன சத்து எவ்வளவு இருக்கிறது என்று அட்டவணை போட்ட புத்தகத்தில் அவர் பெயர் இருக்கிறது. நீலகிரியிலிருந்து இங்கே குடிவந்த நிறுவனம், நம்மைப் போல! ஆனால் அது வந்த இடத்தில் விளைவதைச் சோதித்துப் பார்த்தது. நாம்தான் மூட்டை கட்டிக்கொண்டு வந்தோம்.

அந்த நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், சாதாரண வேலை செய்யும் ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தோராயமாக இவ்வளவு வேண்டும் என்கிறார்கள்: தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம் (முட்டை, மீன், இறைச்சி சாப்பிட்டால் அதுவும் இதில் சேர்த்தி), காய்கறியும் கீரையும் 400 கிராம், பால் 300 மில்லி, எண்ணெய் 27 கிராம்.

இதை மாதக் கணக்காக்கிப் பாருங்கள். ஒருவருக்குத் தானியம் ஏழரை கிலோ, பருப்பு இரண்டரை கிலோ, எண்ணெய் முக்கால் கிலோவுக்குச் சற்று அதிகம். அதாவது மூன்று பங்கு தானியத்துக்கு ஒரு பங்கு பருப்பு. நான்கு பேருக்கு அரிசியும் கோதுமையுமாக 30 கிலோ, பருப்பும் பயறும் 10 கிலோ, எண்ணெய் மூன்றே கால் கிலோ. உங்கள் வீட்டுச் சீட்டை எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். நம்மில் பெரும்பாலோர் அரிசியும் எண்ணெயும் இதைவிட அதிகமாகவும், பருப்பு இதில் பாதிகூட இல்லாமலும் வாங்குகிறோம். நான் 1998இல் செய்தது இன்னும் மோசம். ஏற்கெனவே குறைவாக இருந்ததையே பாதியாக்கினேன். அதிகமாக இருந்ததைத் தொடவில்லை.

மாதம் பத்து கிலோ துவரம் பருப்பு வாங்கினால் கட்டுபடியாகுமா என்று கேட்பீர்கள். துவரையே வாங்க வேண்டும் என்று யார் சொன்னார்கள்? 2015இல் துவரம் பருப்பு கிலோ 200 ரூபாயை எட்டியபோது எங்கள் வீட்டில் கடலைப் பருப்பும், பாசிப்பருப்பும், முழுக் கொண்டைக்கடலையும், கொள்ளும் மாறி மாறி வந்தன. முழுப் பச்சைப் பயற்றை ஊறவைத்து அரைத்த பெசரட்டு வாரம் இரண்டு நாள் பலகாரம் ஆயிற்று. அதற்கு அரிசியும் உளுந்தும் வேண்டாம், மாவு புளிக்கவும் வேண்டாம். முன்பு மூக்கைச் சுளித்த அதே வேர்க்கடலைச் சட்னியை அதன் பக்கத்தில் வைத்தேன். தேங்காய் தராத புரதத்தை வேர்க்கடலை தருகிறது. மகபூப்நகர்ப் பக்கம் ஏராளமாக விளைகிறது. முட்டை சாப்பிடுபவர்களுக்கு நம் நாமக்கல்லைப் போல ஐதராபாத்தும் கோழிப்பண்ணைகள் நிறைந்த ஊர். மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை: சாப்பிட்டவுடன் காப்பி, டீ குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. ஒரு மணி நேரமாவது கழித்துக் குடியுங்கள். கீரைக்கு எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள், சேரும்.

ரைத்து பஜாரில் கற்ற பாடம்

அந்த 1999ஆம் வருடம்தான், ஜனவரி 26 அன்று, அன்றைய ஆந்திரப் பிரதேச அரசு ரைத்து பஜார்களைத் தொடங்கியது. ரைத்து என்றால் விவசாயி. அடையாள அட்டை பெற்ற விவசாயிகள் இடைத்தரகர் இல்லாமல் தாங்களே நேரில் விற்கும் சந்தை. மொத்த விலைக்கு மேலேயும் வெளிக்கடைச் சில்லறை விலைக்குக் கீழேயும் ஒரு விலையைத் தினமும் நிர்ணயித்துப் பலகையில் எழுதிவைப்பார்கள். அதே வருடம் நவம்பரில் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைக்கு இது அக்கா என்று சொல்லலாம்.

எங்களுக்கு எர்ரகட்டா ரைத்து பஜார் பக்கம். உடம்பு தேறியதும் அக்காதான் கையைப் பிடித்து அழைத்துப் போனார். நான் வழக்கம்போல் முருங்கைக்காயும் சேப்பங்கிழங்கும் தேட, அக்கா நேரே கீரைக்காரியிடம் போய் உட்கார்ந்துவிட்டார். தோட்டகூரா (நம் தண்டுக்கீரை), பாலகூரா, மெந்திகூரா (வெந்தயக்கீரை), கங்கவாயிலி (பருப்புக்கீரை), சுக்ககூரா (சுக்கான்கீரை), கோங்கூரா (புளிச்சக்கீரை). ஒரு காய் வாங்கும் காசில் நாலு கட்டு. "தினம் ஒரு கீரை, தினம் பருப்பு, ஒரே குக்கர்" என்றார்.

அதுதான் தெலுங்கு வீட்டுப் பப்பு. பருப்பும் கீரையும் பச்சைமிளகாயும் ஒன்றாக வெந்து, ஒரு தாளிப்போடு முடிந்துவிடும். நாம் சாம்பாருக்குப் பருப்பு தனி, காய் தனி, பொரியல் தனி, அதற்குத் தேங்காய் தனி என்று நாலு அடுப்பு வேலை செய்கிறோம். பப்புச் சோற்றில் பருப்பும் அதிகம், கீரையும் அதிகம், கேஸ் செலவும் குறைவு. சாம்பாரை விடச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாம்பார் எங்கள் வீட்டில் இன்றும் உண்டு, பருப்பு போட்டுத்தான்!

புளிப்பு விஷயத்திலும் அக்காவே குரு. 2023 ஜூலையில் தக்காளி கிலோ 150 ரூபாயையும் தாண்டிப் போனதே, நினைவிருக்கிறதா? சித்தூர்ப் பக்கத்து மதனப்பள்ளி மார்க்கெட் தக்காளிக்குப் பேர்போனது. அங்கே மொத்த விலையே அந்த அளவுக்குப் போயிற்று. அந்த மாதம் முழுவதும் எங்கள் வீட்டில் தக்காளி வாங்கவில்லை. யாரும் கவனிக்கவுமில்லை. கோங்கூராவும் சுக்ககூராவும் தாமே புளிக்கும். கோடையில் மாங்காயும், சிந்தசிகுரு என்கிற புளியங்கொழுந்தும் கிடைக்கும். எதுவும் இல்லாவிட்டால் புளி இருக்கிறது. நம் பாட்டிகள் தக்காளியை நம்பியா ரசம் வைத்தார்கள்?

வெங்காயத்துக்கும் ரைத்து பஜார் கைகொடுத்தது. 2020 அக்டோபரில் விலை ஏறியபோது கிலோ 35 ரூபாய்க்கு ஆளுக்கு இரண்டு கிலோ என்று அங்கே விற்றார்கள். வரிசையில் நின்று வாங்கி வந்தது நான் இல்லை, என் கணவர்!

எதை எப்போது வாங்குவது

விலைவாசி நம் கையில் இல்லை. வாங்கும் காலம் ஓரளவு நம் கையில் இருக்கிறது. மண்டிக்காரர் மகள் என்பதால் இதில் எனக்குக் கொஞ்சம் ஆர்வம் உண்டு.

துவரை அறுவடை டிசம்பரிலிருந்து. புதுப் பருப்பு தை, மாசியில் கடைக்கு வரும்போது ஆறு மாதத்துக்கு வாங்கி, நல்ல வெயிலில் காயவைத்து எடுத்துவைப்பேன். விகாராபாத் மாவட்டத்தின் தாண்டூர்த் துவரைக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. விருதுநகர்க்காரி சொல்கிறேன், ருசியில் குறைவில்லை. ரயிலேற்றிக்கொண்டு வர வேண்டாம்! புளியும் மிளகாயும் மாசி, பங்குனியில். மலக்பேட்டை மார்க்கெட்டில் மிளகாயும் வெங்காயமும், பேகம் பஜாரில் மசாலா சாமான்களும் மொத்தமாகக் கிடைக்கும். நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு ஆட்டோவில் போய் மூட்டையாக வாங்கிப் பிரித்துக்கொண்டால் ஆட்டோ கூலியும் தாங்கும்.

அரிசியில் பிடிவாதம் வேண்டாம். பொன்னி இல்லாமல் சோறு இறங்காது என்பார்கள் சிலர். நம் பொன்னியும், இங்கே பி.பி.டி. என்று கேட்டு வாங்கும் சாம்பா மசூரியும் மலேயாவிலிருந்து வந்த மசூரி நெல்லின் வழித்தோன்றல்கள்தாம். 1986இல் பாபட்லாவில் வெளியிட்ட ரகம் அது. நான் இந்த ஊருக்கு வந்த அதே வருடம்! இட்லிக்கும் நான் இப்போது இட்லி ரவைதான்.

சிறுதானியம் பற்றியும் ஒரு எச்சரிக்கை. பளபளப்பான பாக்கெட்டில் அடைத்த தினையும் சாமையும் உடம்புக்கு நல்லதாக இருக்கலாம், பட்ஜெட்டுக்கு நல்லதல்ல. சோளத்தை முழுதாக வாங்கி மில்லில் அரைத்துக்கொண்டால் கட்டுபடியாகும். ரொட்டி தட்ட வராதவர்கள் கவலைப்பட வேண்டாம். சாயங்காலம் தெருவோரம் பெண்கள் சுடச்சுடத் தட்டிக் கொடுக்கிறார்கள். பருப்பும் கீரையும் வீட்டில் தயாராக இருந்தால் ராத்திரிச் சாப்பாடு முடிந்தது.

எண்ணெயில்தான் உண்மையான சேமிப்பு. 2022இல் உக்ரைன் போரால் சூரியகாந்தி எண்ணெய் விலை ஏறியபோது பலர் கடையை மாற்றினார்கள், பிராண்டை மாற்றினார்கள். நான் மாத ஆரம்பத்தில் மூன்றே முக்கால் லிட்டரை ஒரு டின்னில் ஊற்றிவைத்து, மாதம் முழுவதும் அதற்குள்தான் என்று முடிவு செய்தேன். அப்பளம் சுட்டுத்தான். வடை விசேஷ நாளில்தான். இதயத்துக்கும் நல்லது என்று டாக்டர் சொன்னார். அது இலவச லாபம்.

ரேஷன் அட்டை ஊரில், நாம் இங்கே

1983இல் என்.டி. ராமாராவ் கொண்டுவந்த இரண்டு ரூபாய் அரிசித் திட்டம் இந்த மாநிலத்தில் எத்தனையோ வீடுகளில் அடுப்பை எரிய வைத்தது. ஆனால் எங்களைப் போல ஊர் விட்டு வந்தவர்களுக்கு அட்டை ஊரில் இருந்தது. வயிறு இங்கே இருந்தது.

இன்றைக்கு அந்த நிலை மாறியிருக்கிறது. கட்டட வேலைக்கும், பேக்கரி வேலைக்கும், ஓட்டல் வேலைக்கும் தமிழ்நாட்டிலிருந்து இங்கே வந்திருக்கும் நம் சகோதரர்களிடம் இதைச் சொல்லுங்கள். "ஒரே நாடு ஒரே ரேஷன்" திட்டம் 2019 ஆகஸ்டில் முதன்முதலாகத் தொடங்கிய மாநிலங்களில் தெலுங்கானாவும் ஆந்திராவும் உண்டு. 2020 அக்டோபரில் தமிழ்நாடும் சேர்ந்தது. தமிழ்நாட்டு அட்டையில் முன்னுரிமைக்குரிய பி.எச்.எச். என்ற குறியீடு இருந்து, ஆதார் இணைந்திருந்தால், அந்த அட்டையைக் காட்டி ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியத்தை இங்குள்ள ரேஷன் கடையிலேயே பெறலாம். குடும்பத்தில் பாதிப் பேர் ஊரிலும் பாதிப் பேர் இங்கும் இருந்தால் அவரவர் பங்கை அங்கங்கே வாங்கலாம். எண்ணெயும் சர்க்கரையும் தமிழ்நாட்டுக் கடையில் கிடைப்பது போல இங்கே கிடைக்காது. தானியம் மட்டும்தான். அதுவும் அரிசிச் செலவைக் குறைத்துப் பருப்புக்குக் காசு விடுமல்லவா?

கடல் கடந்தும் இதே கதை

2023 ஜூலை 20 அன்று மத்திய அரசு பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. இரண்டு நாள் கழித்து அமெரிக்காவில் இருக்கும் என் மகள் போன் செய்தாள். "அம்மா, இந்தியன் ஸ்டோர்ல வரிசையைப் பார்த்தா சம்பள நாள் பேங்க் மாதிரி இருக்கு. ஒரு குடும்பத்துக்கு ஒரு மூட்டைதான் தருவாங்களாம்."

அன்றைக்குப் பத்து வயதில் சாம்பாரில் பருப்பைத் தேடிய அதே மகள். நான் சொன்னேன்: "அரிசி இல்லாட்டி என்னம்மா, அந்த ஊர்ல என்ன விளையுதுன்னு பாரு. நான் இங்கே கத்துக்கப் பன்னிரண்டு வருஷம் ஆச்சு, நீ பன்னிரண்டு நாள்ல கத்துக்கோ." இப்போது அவள் அங்கே கிடைக்கும் மசூர் பருப்பிலும் உலர்ந்த பீன்ஸிலும் முட்டைக்கோஸிலும் நன்றாகக் குடித்தனம் செய்கிறாள். இந்தியன் ஸ்டோருக்கு மாதம் ஒரு முறைதான் போகிறாளாம்.

போனை வைக்கும் முன் நான் இன்னொன்றும் கேட்டேன். "எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுறீங்களா?"

எங்கள் வீட்டில் 1999 மார்ச்சுக்குப் பிறகு வந்த ஒரே சட்டம் அது. சட்டம் போட்டவர் என் அத்தை. நான் படுக்கையில் இருந்த நாட்களில் அவர்களே சமைத்து, அவர்களே பரிமாறினார்கள். எழுந்து நடமாட ஆரம்பித்த முதல் நாள் நான் வழக்கம்போல் கரண்டியை எடுக்கப் போனபோது, "வை அதை. பாத்திரத்தை எல்லாம் நடுவுல வை. நீயும் உட்காரு" என்றார்கள். அவர்கள் காலத்தில் தானும் கடைசியில்தான் சாப்பிட்டதாக அன்றைக்குத்தான் என்னிடம் சொன்னார்கள். அத்தை போய் வருடங்கள் ஆகிவிட்டன. பாத்திரங்கள் இன்றும் நடுவில்தான் இருக்கின்றன. நடுவில் வைத்தால் குழம்பு போதவில்லை என்பது எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தெரிகிறது. பிறகு அதற்கு வழி தேடுவதும் எல்லாருடைய வேலையாகிறது.

ஆகவே, கோயம்புத்தூரிலிருந்து வந்திருக்கும் என் மகளே, மாதம் எவ்வளவு ஆகும் என்று நீ கேட்டதற்கு ஒரு தொகை சொல்ல என்னால் முடியாது. நான் எழுதும் விலை நீ படிப்பதற்குள் மாறிவிடும். கணக்கு நோட்டு ஒன்று வாங்கு. அரிசிக்கும் எண்ணெய்க்கும் ஒரு வரம்பு போடு. பருப்பையும் கீரையையும் பாலையும் கடைசி வரை விடாதே. பக்கத்து வீட்டு அக்கா எதை வாங்குகிறார் என்று பார்த்து நீயும் வாங்கு. அந்த நோட்டில் உன் பெயருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கு.

உங்கள் வீட்டில் விலைவாசியைச் சமாளிக்க நீங்கள் கண்டுபிடித்த வழிகளையும் நம் இதழுக்கு எழுதி அனுப்புங்கள். ஆண்கள் எழுதினால் இன்னும் மகிழ்ச்சி!